ராக் இசையும் இரட்டை ஒலிபெருக்கியும்



ராக் இசைக்கு ஏற்ற ஒலிபெருக்கி எது என்னும் வினாவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கும் மேனாட்டு இளைஞர்களின் ஆரவார இசைக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் வியக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். 'ஒலி' என்னும் பாடத்தை நடத்தும்போது மாணவர் கண்களில் உறக்கம் படரக் கண்டால், அவர்கள் விரும்பிக் கேட்கும் பாட்டைப் பற்றிப் பேச்சைத் திருப்புவேன். உறக்கம் பறந்துவிடும். விருப்பம் உள்ள நிலத்தில் அறிவை விதைப்பது எளிது என்பதை அப்போது அறிந்தேன். பாட்டின் சொற்கள் எனக்கு எப்போதும் பிடிபட்டதில்லை. ஆயின் அப்பாட்டைச் சுமந்து வரும் காற்றலைகளுக்கு நாடு, மொழி என்னும் வேறுபாடு ஏது?

கடைத்தெருவில் நுழைந்தால், "இது ராக் இசைக்கென்றே செய்யப்பட்டது, இது மெல்லிசைக்கு உரியது" என்று பெட்டிகளைப் பிரித்துக் காட்டுவார்கள். விளம்பரங்களும் அவ்வாறே சொல்கின்றன. இச்சொற்களில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வாணிகம் என்று பிரித்தறிய வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் பெற்றோர் ஈட்டிய பணமும், ஒருமுறை கெட்டால் மீளாத உங்கள் செவிகளும் இதில் அடங்கியுள்ளன. ஆதலின் இப்பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

முதலில் ஒலிபெருக்கி என்பது யாது? காந்தம் ஒன்று, அதன் இடைவெளியில் தொங்கும் கம்பிச்சுருள் ஒன்று, சுருளோடு ஒட்டிய கூம்பு ஒன்று. மின்னோட்டம் சுருளின் வழியே மாறி மாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இன்று நாம் காணும் இவ்வமைப்பின் அடிப்படையை, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

இரட்டை ஒலிபெருக்கி, அதாவது ஸ்டீரியோ, எப்படிப் பிறந்தது? நமக்கு இரு செவிகள் உண்டு. இடப்புறம் எழும் ஓசை இடச்செவியை முந்தி எட்டுகிறது; அச்செவியில் சற்று உரக்கவும் ஒலிக்கிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டே ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்று மூளை கணிக்கிறது. இவ்வுண்மையைப் பயன்படுத்தி, இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்டு ஒரு மேடையையே கண்முன் விரிப்பதுபோலச் செய்யலாம் என்று காட்டியவர் ஆலன் புளூம்லீன் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1931இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1942இல், தம் 38ஆம் வயதில், ராடார் கருவியைச் சோதிக்கச் சென்ற விமானம் விபத்துக்குள்ளாகி இறந்தார். அவர் எண்ணியவாறு அமைந்த ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1950களின் இறுதியில் கடைகளுக்கு வந்தன. அவற்றைக் காண அவர் இல்லை.

இனி ராக் இசையின் தனித்தன்மைக்கு வருவோம். வீணையோ வயலினோ ஒலிக்கும்போது நாம் கேட்பது அக்கருவியின் மரமும் தந்தியும் எழுப்பும் நாதத்தை. மின்கிதாரின் நிலை வேறு. அதன் தந்தியை மீட்டினால் அருகில் இருப்பவருக்கே மெல்லத்தான் கேட்கும். தந்தியின் அசைவு மின்னலையாக மாறி, ஆம்ப்ளிஃபையருக்குள் சென்று, அங்கு வேண்டுமென்றே திரிக்கப்பட்டு, கிதாருக்கென அமைந்த ஒலிபெருக்கியின் வழியே வெளிப்படுகிறது. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962இல் விற்கத் தொடங்கிய ஆம்ப்ளிஃபையர்களின் புகழ், அவை தரும் இனிய திரிபினால் வளர்ந்தது. கிதாரின் ஒலிபெருக்கியும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசையைப் பெரிதும் வெட்டிவிடும். அதனால்தான் திரிபு காதைக் கிழிக்காமல் செவிக்கு இசைகிறது.

இதன் பொருள் என்ன? ராக் இசையில் ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கியும் இசைக்கருவியின் உறுப்புகளாகிவிட்டன. வீட்டில் உள்ள நம் ஒலிபெருக்கியோ இசைக்கருவி அன்று, அது கண்ணாடி. மற்றோர் ஒலிபெருக்கியின் முகத்தை அது உள்ளபடி காட்ட வேண்டும். கலைஞன் அளந்து சேர்த்த திரிபின்மேல் நம் பெட்டி தன் திரிபையும் சேர்த்தால், சமைத்து இறக்கிய குழம்பில் மீண்டும் ஒரு பிடி உப்பைக் கொட்டியதுபோல் ஆகும். "ராக் இசை ஏற்கெனவே கரடுமுரடானது, எந்தப் பெட்டியில் கேட்டால் என்ன?" என்பார் கூற்று இதனால் பிழையாகிறது. கரடுமுரடு எவ்வளவு என்று அளந்து வைத்த இசைக்குத்தான் நேர்மையான கண்ணாடி வேண்டும்.

அப்படியானால் எல்லா வகை இசைக்கும் ஒரே நல்ல ஒலிபெருக்கி போதாதா? கொள்கை அளவில் போதும். ஆயினும் எப்பெட்டியும் முழு நிறைவுடையது அன்று. கையில் உள்ள பணம், அறையின் அளவு, அண்டை வீட்டாரின் பொறுமை ஆகிய மூன்றும் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டியிருக்கிறது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது நாம் மிகுதியாகக் கேட்கும் இசையைப் பொறுத்தது. பொருத்தம் பார்ப்பது என்பதன் உண்மையான பொருள் இதுவே.

பொருத்தம் பார்க்க மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்.

முதற்செய்தி, தாழ்ந்த ஓசை. மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் தாழ்ந்த தந்தி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். ஓசையின் வலிமை குறையாமல் அதிர்வெண் பாதியாக வேண்டுமாயின், கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். சிறிய கூம்புக்கு அவ்வளவு அசைய இடமில்லை. கூம்பைப் பெரிதாக்கினால் அசைவு குறையும். 5 அங்குலக் கூம்பைவிட 10 அங்குலக் கூம்பின் பரப்பு நான்கு மடங்கு என்பதை நீங்களே கணக்கிட்டு அறியலாம். சிற்றூர்தியில் ஏற்றும் சுமையை மிதிவண்டியில் ஏற்ற முயல்வது போன்றதே சிறு பெட்டியிடம் பேரோசையை எதிர்பார்ப்பதும்.

இரண்டாம் செய்தி, பெட்டியின் அமைப்பு. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. பின்புற ஓசை முன்புற ஓசையோடு கலந்தால் தாழ்ந்த ஓசை அழிந்துவிடும். அதைத் தடுக்கவே பெட்டி. முற்றிலும் அடைத்த பெட்டி ஒரு வகை. அதனுள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகக் கொண்டு, சிறு பெட்டியிலும் ஆழ்ந்த ஓசை எழுப்பலாம் என்று அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954இல் காட்டினார். துளையுள்ள பெட்டி மற்றொரு வகை. வெறும் புட்டியின் வாயில் ஊதினால் 'ஊம்' என்று ஒலிக்கும் அன்றோ? அதே ஒத்ததிர்வைக் கொண்டு துளையுள்ள பெட்டி தாழ்ந்த ஓசைக்கு வலுவூட்டுகிறது. இதற்கான கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வகுத்தார். ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதை வளர்த்தார். அடைத்த பெட்டியில் தாழ்ந்த ஓசை மெல்ல மெல்லத் தேயும். அடி விழுந்தவுடன் அடங்கும். துளைப்பெட்டியில் வலு மிகும். ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே ஓசை சட்டென்று விழும். செய்நேர்த்தி குறைந்த துளைப்பெட்டியில் அடி முடிந்த பின்னும் முழக்கம் தங்கி நிற்கும்.

மூன்றாம் செய்தி, உணர்திறன். ஒரு வாட் மின்திறனைக் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் ஒலிக்கிறது என்பதே அது. 85 டெசிபல் என்று குறித்த பெட்டிக்கும் 95 டெசிபல் என்று குறித்த பெட்டிக்கும் உள்ள வேறுபாடு பத்துதானே என்று எண்ணிவிட வேண்டா. டெசிபல் மடக்கைக் கணக்கு. பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு மின்திறன். இரண்டாம் பெட்டிக்கு 10 வாட் போதுமான இடத்தில் முதற்பெட்டி 100 வாட் கேட்கும். நம் ஊர்த் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் கூம்புக் குழாய் சிறிய ஆம்ப்ளிஃபையரைக் கொண்டே ஊர் முழுதும் கேட்பது ஏன்? குழாயின் வடிவம் கூம்பின் அசைவைக் காற்றோடு நன்கு இணைத்துவிடுகிறது. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்துப் பால் கிளிப்ஷ் 1946இல் இதே தத்துவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். அறை மூலையில் வைக்கும் அவரது பெரிய பெட்டியில் அறையின் சுவர்களே குழாயின் தொடர்ச்சி ஆகின்றன.

இம்மூன்றையும் மனத்திற் கொண்டு, ராக் இசையின் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1950களின் ராக் அண்ட் ரோல் முதலாவது. மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி 1954இல் பதிவு செய்த பாடல்களும், சிக்காகோவின் செஸ் நிறுவனத்தில் சக் பெர்ரி பதிவு செய்த பாடல்களும் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் அமைந்தவை. உணவு விடுதியின் இசைப்பெட்டியிலும் மோட்டார் வண்டியின் வானொலியிலும் கேட்பதற்கென்று பிறந்தவை. குரலும் கிதாரும் நிலவும் இடைப்பட்ட அதிர்வெண்களிலேயே அவற்றின் உயிர் உள்ளது. எனவே தெளிந்த இடையோசை தரும் எளிய பெட்டி போதும். இரண்டு பெட்டிகள் வைத்தாலும் பாடகர் நடுவே நின்று பாடுவதுபோல் கேட்டால் அமைப்பு சரி என்று கொள்ளலாம்.

இரண்டாவது, 1960களின் இசை. பீட்டில்ஸ் குழுவின் முதல் தொகுப்பு 1963இல் வெளியாயிற்று. அது இரண்டே தடங்களில் பதிவானது. அதன் ஸ்டீரியோ வடிவைக் கேட்டால் குரல்கள் ஒரு புறமும் கருவிகள் மறு புறமும் பிரிந்து நிற்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டா, பதிவே அப்படி. ஐந்து ஆண்டுகளில் நிலை மாறியது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' தொகுப்பில் கிதாரின் ஓசை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் பறக்கிறது. இங்கு இரு பெட்டிகளும் ஓருருவாய் இருத்தல் இன்றியமையாதது. ஒன்று பழையது, மற்றொன்று புதியது என்று இணைத்தால் பறவை நடுவழியில் இறகின் நிறத்தை மாற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, நாட்டுப்பாடலை ஒட்டிய மென்மையான ராக். நீல் யங் 1972இல் வெளியிட்ட 'ஹார்வெஸ்ட்' போன்ற தொகுப்புகளைச் சான்றாகக் கொள்ளலாம். மரக்கிதார், மெல்லிய குரல், இடையிடையே அமைதி. இதற்குப் பெரிய கூம்பு தேவையில்லை. குரலின் ஈரம் வேண்டும். பி.பி.சி. வானொலியின் பொறியாளர்கள் 1970களில், ஒலிபரப்பு வண்டியின் சிறிய அறைக்குள் வைத்துப் பேச்சைச் சோதிப்பதற்காக ஒரு சிறு பெட்டியை உருவாக்கினர். எல்.எஸ்.3/5ஏ என்பது அதன் பெயர். அடைத்த பெட்டி; தாழ்ந்த ஓசை குறைவு; உணர்திறனும் குறைவு. ஆயினும் மனிதக் குரலை உள்ளபடி காட்டுவதில் அது பெற்ற புகழ் இன்றும் குன்றவில்லை. அதே பெட்டியில் பேரிரைச்சல் இசையைக் கேட்க முனைந்தால் அது திணறும். நல்லது, கெட்டது என்பதன்று செய்தி. எதற்கு என்பதே செய்தி.

நான்காவது, வன்மையான ராக்கும் ஹெவி மெட்டலும். லெட் செப்பெலின் குழு 1971இல் வெளியான ஒரு பாடலுக்காக, ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் மத்தளங்களை வைத்து, ஒலிவாங்கிகளை மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தது. அக்கூடத்தின் எதிரொலியே அப்பாடலின் அழகு. அந்த அழகு வெளிப்பட, திடீரென்று எழும் அடியைத் தளராமல் தாங்கும் பெரிய கூம்பும் நல்ல உணர்திறனும் வேண்டும். பர்மிங்காம் நகரின் பிளாக் சாபத் குழுவில் டோனி அயோமி என்பவர் கிதார் வாசித்தார். ஆலையில் நேர்ந்த விபத்தில் விரல் நுனிகளை இழந்தவர் அவர். விரலுக்கு நோகாதபடி தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். 1971ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தாழ்ந்த சுருதியைக் கேட்கலாம். துன்பம் ஒரு புதிய நாதத்தையே பிறப்பித்தது. பின்வந்த மெட்டல் குழுக்களில் இரு கால்களாலும் விரைந்து மிதிக்கும் பெருமத்தள அடிகள் வந்தன. ஒவ்வோர் அடியும் தனித்தனியே கேட்க வேண்டுமாயின், முந்தைய அடியின் முழக்கம் அடங்கியிருக்க வேண்டும். ஆதலின் இவ்வகைக்கு அடைத்த பெட்டியோ, நேர்த்தியாகச் செய்த துளைப்பெட்டியோ ஏற்றது. 'இடி முழக்கம்' என்று விளம்பரம் செய்யும் பெட்டி பெரும்பாலும் இவ்வகைக்கே பகை.

ஐந்தாவது, முற்போக்கு ராக் எனப்படும் புரோகிரசிவ் இசை. பிங்க் ஃபிளாய்ட் குழு 1973இல் வெளியிட்ட 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' இதற்குச் சிறந்த சான்று. இதயத் துடிப்பின் மெல்லொலியில் தொடங்கும். பிறிதோரிடத்தில் பல கடிகாரங்கள் ஒருங்கே மணி அடிக்கும். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழங்காலக் கடிகாரக் கடையில் பதிவு செய்த ஓசைகள் அவை. மிக மெல்லிய ஓசைக்கும் மிக வல்லோசைக்கும் உள்ள தொலைவு இங்குப் பெரிது. ஒவ்வோர் ஓசையும் நின்ற இடமும் தெளிவாக வேண்டும். எனவே தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை ஒரே சீராக ஒலிக்கும் பெட்டிகளும், அவற்றைச் சரியாக வைக்கும் பொறுமையும் தேவை.

ஆறாவது, பங்க் இசை. நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவினர் 1976இல் தம் முதல் தொகுப்பை 6,400 டாலர் என்னும் சிறு செலவில் முடித்தனர். அதில் பேஸ் கிதார் ஒரு புறம். கிதார் மறு புறம். விரைவும் வெறியுமே அதன் குணம். இதற்கு ஆழ்ந்த ஓசையைவிட இடையோசையின் துடிப்பே தேவை. உயர்ந்த ஓசையை மிகைப்படுத்தும் பெட்டி பத்து நிமிடத்தில் தலைவலி தரும்.

இத்தனை சொன்னாலும் ஒன்றை மறவற்க. தட்டில் இல்லாததை எப்பெட்டியும் தராது. மெட்டாலிகா குழு 1988இல் வெளியிட்ட தொகுப்பில் பேஸ் கிதார் ஏறக்குறையக் கேட்பதே இல்லை. கலவை செய்தபோதே அடக்கிவிட்டனர். ஆயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் இலட்ச ரூபாய்ப் பெட்டியிலும் அது கேளாது. 1990களுக்குப் பின் வந்த பல பதிவுகளில் மெல்லோசையையும் வல்லோசையையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி அழுத்திவிட்டனர். அத்தகைய பதிவைக் கேட்டுக் களைத்தால் பெட்டியைக் குறை கூறுவது முறையன்று.

இனி, அறை. என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் வேலையில் அமர்ந்து, முதல் ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டை வாங்கினார். சில நாட்களில் என்னிடம் வந்து, "ஐயா, எந்தப் பாட்டைப் போட்டாலும் 'கும் கும்' என்றே கேட்கிறது. கடைக்காரர் இதைவிட உயர்ந்த பெட்டியை வாங்கச் சொல்கிறார். கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன்" என்றார். "கடன் வாங்குவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள், தம்பி" என்று கூறி அவருடன் சென்றேன். பதினோரு அடி நீளமுள்ள அறை. நான்கு புறமும் வெறுஞ்சுவர். இரு பெட்டிகளும் இரு மூலைகளில் ஒட்டி நின்றன. அவர் அமர்ந்து கேட்பது எதிர்ச்சுவரில் சாய்ந்தபடி.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. பதினோரு அடி என்பது 3.35 மீட்டர். அந்நீளத்தின் இருமடங்கு அலைநீளமுடைய ஓசை, அதாவது ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ், அவ்வறையில் நிலையலையாக நிற்கும். அதன் அழுத்தம் சுவர்களின் ஓரத்தில் மிகும், நடுவில் குறையும். மூலையில் வைத்த பெட்டி அதை மேலும் ஊதிவிடுகிறது. சுவரில் சாய்ந்து கேட்பவர் அதன் உச்சியில் அமர்ந்திருக்கிறார். பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தினோம். நாற்காலியைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டோம். இரு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையுமாறு செய்தோம். தரையில் சமுக்காளம் விரித்தோம். புத்தக அலமாரியைப் பக்கச் சுவரில் நிறுத்தினோம். பிறகு பாட்டை வைத்தார். முழக்கம் அடங்கி, பேஸ் கிதாரின் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது. கடன் வாங்கும் பேச்சு அன்றோடு நின்றது. ஒன்பதாம் வகுப்பில் படித்த பாடம் அவர் பணத்தைக் காத்தது.

சிறு பெட்டி ஒன்றுக்குள்ளேயே இரு ஒலிபெருக்கிகளை அடைத்து ஸ்டீரியோ என்று விற்பதையும் காண்கிறீர்கள். ஒரு சாண் இடைவெளியில் எந்த மேடையை விரிக்க முடியும்? பயணத்துக்கு அது உதவும். ஹெண்ட்ரிக்ஸின் கிதார் பறப்பதைக் காண உதவாது.

வாங்குமுன் எப்படிச் சோதிப்பது? கனடா நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்னும் அறிஞர் 1980களில் பல சோதனைகள் நடத்தினார். பெட்டிகளைத் திரைக்குப் பின் மறைத்து, கேட்போரிடம் கருத்துக் கேட்டார். எல்லா அதிர்வெண்களையும் ஒரே சீராகத் தரும் பெட்டிகளையே பெரும்பாலோர் விரும்பினர். பின்னர் ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994இல் அவர் வெளியிட்ட ஆய்வு வேறோர் உண்மையைக் காட்டியது. பெட்டியைக் கண்ணால் கண்டவுடன் கேட்போரின் மதிப்பீடு மாறிற்று. உருவமும் பெயரும் செவியை ஏமாற்றின. எப்பொருள் யார்வாய்க் கேட்பினும் மெய்ப்பொருளை நாட வேண்டும் என்னும் நம் முன்னோர் கருத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நீங்களும் அவ்வாறே செய்யலாம். நன்கு பழகிய மூன்று பாடல்களை எடுத்துச் செல்லுங்கள்: குரல் மேலோங்கியது ஒன்று, அடி மிகுந்தது ஒன்று, பல கருவிகள் நெருங்கியது ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு, எப்பெட்டி ஒலிக்கிறது என்று சொல்லாமல் நண்பரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யுங்கள். ஒலியின் அளவு எல்லாப் பெட்டியிலும் சமமாக இருக்கட்டும். ஏனெனில் சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. விற்பனையில் வல்லவர் இதை நன்கு அறிவர். மேலும் நீங்கள் வீட்டில் கேட்கும் அளவிலேயே வைத்துக் கேளுங்கள். ஓசை குறையக் குறையத் தாழ்ந்த அதிர்வெண்கள் செவிக்கு மிகுதியாகத் தேய்ந்து தோன்றும் என்று ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933இலேயே அளந்து காட்டினர். கடையின் பேரோசையில் கவர்ந்த பெட்டி, வீட்டின் மெல்லோசையில் வெளிறிப் போகலாம்.

இறுதியாக, எனக்கு மிகவும் கவலை தரும் செய்திக்கு வருகிறேன். உரத்துக் கேட்டால்தான் ராக் என்று பலர் நம்புகின்றனர். 'த ஹூ' என்னும் ஆங்கிலக் குழு 1976இல் லண்டனின் சார்ல்ட்டன் கால்பந்துத் திடலில் நடத்திய நிகழ்ச்சியில், மேடையிலிருந்து 32 மீட்டர் தொலைவில் ஒலி 126 டெசிபல் என்று அளந்தனர்; உலகச் சாதனை என்று அது பதிவாயிற்று. அக்குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்செண்ட் தம் செவி கெட்டதைப் பற்றியும் ஓயாத காதிரைச்சலைப் பற்றியும் பின்னாளில் வெளிப்படையாகப் பேசி, இளைஞர்களை எச்சரித்தார். சாதனை புத்தகத்தில் நின்றது. துன்பம் செவியில் நின்றது.

கணக்கு எளியது. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பணியிடங்களுக்கு அறிஞர்கள் வகுத்த வரம்பு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே. உட்செவியில் உள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த ஓசை கேட்கும் ஆற்றல். அதாவது, எந்த ஒலிபெருக்கிக்காக நீங்கள் பணம் சேர்க்கிறீர்களோ, அதன் நயத்தைச் சுவைக்கும் ஆற்றலே முதலில் போய்விடும். நல்ல ஒலிபெருக்கியின் பெருமை மெல்லென ஒலிக்கும்போதும் எல்லாம் கேட்பதில் உள்ளது. அளவை மேலும் மேலும் கூட்டத் தோன்றுகிறது என்றால், பெட்டியில் திரிபு உள்ளது, அல்லது அறையில் குறை உள்ளது, அல்லது செவி களைத்துவிட்டது என்று அறிக. காதினுள் பொருத்திக் கேட்கும் கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும். கேட்டு முடித்த பின் காதில் இரைச்சல் எழுந்தால், அது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அதைப் பொருட்படுத்தாமல் விடுவது அறிவுடைமை ஆகாது.

ஆகவே மாணவர்களே, சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். ராக் இசைக்கென்று தனிச்சாதி ஒலிபெருக்கி இல்லை; நேர்மையான ஒலிபெருக்கி உண்டு. குரலுக்கும் மரக்கிதாருக்கும் முதன்மை தருவோர் சிறிய, தெளிந்த பெட்டியை நாடலாம். வன்மையான அடிகளை விரும்புவோர் பெரிய கூம்பையும் நல்ல உணர்திறனையும் தேடலாம். விரிந்த மேடையை விரும்புவோர் இணை பிரியாத இரு பெட்டிகளையும் முக்கோண அமைப்பையும் பேணலாம். பணத்தை எண்ணுமுன் அறையை அளவுங்கள். பெயரைப் பார்க்குமுன் கண்ணை மூடிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் கிடைக்காத அந்த இரண்டு செவிகளைக் காத்துக்கொள்ளுங்கள். அவை நலமாக இருந்தால், என் வயதிலும் நீங்கள் இசையைக் கேட்டு மகிழலாம்.